சவரனில் குதிரை வீரனைச் செதுக்கியவர்
பெனெடெட்டோ பிஸ்ட்ரூச்சி (1783–1855)

தங்கத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே, இன்று சவரன் என்ன விலை என்றுதான் நாம் முதலில் கேட்போம். சவரன் என்பது சாவரின் என்ற ஆங்கிலேயத் தங்க நாணயத்தின் பெயர். அதன் முகமதிப்பு ஒரு பவுண்டு என்பதால் பவுன் என்றும் சொல்லிப் பழகினோம். அதன் எடை 7.98 கிராம். அதை 8 கிராம் என்று வைத்துக்கொண்டு இன்றும் நகைக்குக் கணக்குப் போடுகிறோம். அந்த நாணயத்தின் ஒரு பக்கத்தில் குதிரை மேலிருந்து டிராகனை வீழ்த்தும் வீரர் ஒருவர் இருப்பார். அவர் புனித ஜார்ஜ். அந்த உருவத்தை உருவாக்கியவர் பிறப்பால் ஆங்கிலேயரும் அல்ல, நாணயசாலையில் தொழில் கற்றவரும் அல்ல. ரோம் நகரில் கேமியோ நகை செதுக்கிப் பிழைத்த இத்தாலியர் அவர்.

கேமியோ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பெரிய நடிகர் ஒருவர் ஓரிரு நிமிடம் திரையில் தலைகாட்டினால் அதைக் கேமியோ என்கிறோம். சினிமாவுக்கு அந்தச் சொல் வந்தது நகையிலிருந்துதான். அகேட் போன்ற கற்களில் நிறம் அடுக்கடுக்காக இருக்கும். வெளிர் நிற மேலடுக்கில் முகத்தைச் செதுக்கி, சுற்றியுள்ள பகுதியை அரைத்து நீக்கினால், கீழே இருக்கும் இருண்ட அடுக்கு பின்னணியாக நிற்கும். வண்ணமும் பூசுவதில்லை, எதையும் ஒட்டுவதுமில்லை. ஒரே கல்லில் வெள்ளை முகம் புடைத்து நிற்கும். சில பெரிய கடற்சங்குகளின் ஓட்டிலும் இப்படிச் செதுக்கலாம்.

பாட்டி காலத்து புரூச் என்று ஒதுக்கப்பட்ட இந்த நகை, இப்போது மோதிரமாகவும் செயின் பதக்கமாகவும் இளம்பெண்களிடம் மீண்டும் வந்திருக்கிறது. ஸ்வீடன் இளவரசி விக்டோரியா 2010-ல் தன் திருமணத்தில் அணிந்தது, நெப்போலியனின் மனைவி ஜோசபின் வழியாக வந்ததாகக் கூறப்படும் கேமியோ கிரீடத்தைத்தான். இப்படித் திரும்பி வருவது கேமியோவுக்குப் புதிதும் அல்ல. பண்டைய ரோமில் இருந்தது, மறுமலர்ச்சிக் காலத்தில் திரும்பியது, நெப்போலியன் காலத்தில் மறுபடியும் வந்தது. 1804-ல் நெப்போலியனின் முடிசூட்டு விழாவுக்காகச் செய்த கிரீடத்திலும் கேமியோக்கள் பதிக்கப்பட்டிருந்தன. அந்த அலையில் வளர்ந்தவர்தான் பிஸ்ட்ரூச்சி.

ரோமில் இளமை

1783-ல் ரோமில் பிறந்தார். தந்தை போப் அரசின் நீதிபதி. பிள்ளைகள் லத்தீன் படித்து முன்னேற வேண்டும் என்பது அவர் ஆசை. பெனெடெட்டோவுக்குப் படிப்பு ஏறவில்லை. ஓவியரிடம் பயிற்சிக்குப் போன அண்ணன் பிலிப்போவின் வழியைப் பிடித்து, இவரும் கேமியோ செதுக்குபவர் ஒருவரிடம் சேர்ந்தார். கை வேகமாகப் படிந்தது. அந்த வேகமே பகையையும் கொண்டுவந்தது. பட்டறையில் உடன் பயின்றவன் ஒருவன் அவரைக் கத்தியால் குத்திவிட்டான். காயம் ஆறும்வரை வீட்டில் கிடந்த நாட்களில் மெழுகில் உருவம் செய்யத் தானாகவே கற்றுக்கொண்டார். கல்லில் கை வைக்கும் முன் மெழுகில் செய்து பார்க்கும் அந்தப் பழக்கம் கடைசிவரை அவருக்குத் துணையாக இருந்தது.

பதினாறு வயதுக்குள் தனியாகத் தொழில் தொடங்கினார். 1802-ல் பார்பரா ஃபோல்கி என்ற பெண்ணை மணந்தார். குடும்பம் பெருகியது, செலவும் பெருகியது.

அன்றைய ரோமில் பழங்கலைப் பொருட்களுக்குப் பெரிய சந்தை இருந்தது. ஐரோப்பியச் செல்வந்தர்கள் வந்து, பண்டைய ரோமானியர் செய்தது என்றால் கேட்ட விலை கொடுத்தார்கள். உயிரோடிருக்கும் இளைஞன் செய்தது என்றால் அந்த விலை கிடைக்காது. ஆகவே வியாபாரிகள் பிஸ்ட்ரூச்சி போன்றோரிடம் சொற்பக் கூலிக்கு வாங்கி, பழங்காலப் பொருள் என்று சொல்லி விற்றார்கள். அவர்களில் முக்கியமானவர் போனெல்லி என்ற வியாபாரி. விவரம் தெரிந்ததும் பிஸ்ட்ரூச்சி ஒரு வேலை செய்தார். தான் செதுக்கும் கல்லில் எல்லாம், எளிதில் கண்ணில் படாத இடத்தில் ரகசியக் குறி ஒன்றை வைத்தார்.

ஃப்ளோராவும் ரோஜாப்பூவும்

1814-ன் இறுதியில் பாரிஸ் போனார். எல்பா தீவிலிருந்து நெப்போலியன் திரும்பி வந்து ஆண்ட சில மாதங்களில், அவரை நேரில் பார்த்து மெழுகில் உருவம் எடுத்தார். 1815 முடியும் தறுவாயில் லண்டன் வந்து சேர்ந்தார். அங்கே அவரை ஆதரித்தவர் சர் ஜோசப் பேங்க்ஸ். கேப்டன் குக்குடன் கடற்பயணம் செய்த புகழ்பெற்ற தாவரவியலாளர் அவர்.

ஒருநாள் பேங்க்ஸின் வீட்டில் பிஸ்ட்ரூச்சி வேலை செய்துகொண்டிருந்தபோது, ரிச்சர்ட் பெய்ன் நைட் என்ற பெரிய சேகரிப்பாளர் வந்தார். தான் வாங்கிய அரிய பண்டைக்கால கேமியோ ஒன்றைப் பெருமையோடு காட்டினார். மலர்மாலை சூடிய ஃப்ளோரா தேவதையின் தலை அது. பார்த்தவுடன் பிஸ்ட்ரூச்சிக்குத் தன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் போனெல்லிக்காக ஐந்து பவுண்டுக்கும் குறைவான கூலிக்குச் செய்து கொடுத்தது. அதையே போனெல்லி பல மடங்கு விலைக்கு விற்றிருந்தார்.

பிழைக்க வந்த நாட்டில், செல்வாக்குள்ள பெரிய மனிதரின் முன்னால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. இது நான் செய்தது என்று சொல்லி, தன் குறியையும் காட்டினார். நைட் ஒப்புக்கொள்ளவில்லை. தேவதையின் தலையில் இருப்பவை ரோஜாக்களே அல்ல, இன்று அழிந்துபோன ஒருவகை மாதுளம்பூக்கள், ஆகவே கல் பழையதுதான் என்று வாதாடினார். பேங்க்ஸ் உற்றுப் பார்த்துவிட்டு, ரோஜாதான் என்று தீர்ப்புச் சொன்னார். தன் கைத்திறனை நிரூபிக்க பிஸ்ட்ரூச்சி இன்னொரு ஃப்ளோராவைச் செதுக்கியும் காட்டினார். நைட்டின் சேகரிப்போடு அந்த முதல் ஃப்ளோரா பின்னர் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று அங்கே அது பிஸ்ட்ரூச்சியின் பெயரில்தான் இருக்கிறது.

நாணயசாலையில்

இந்தச் சர்ச்சை லண்டனில் அவர் பெயரைப் பரப்பியது. மன்னர் மூன்றாம் ஜார்ஜின் முகத்தைச் சிவப்பு ஜாஸ்பர் கல்லில் செதுக்கித் தரும்படி பேங்க்ஸ் கேட்டார். நெப்போலியனுடன் நடந்த போர் முடிந்து, பிரிட்டன் தன் நாணயங்களை எல்லாம் புதிதாக அச்சடிக்கவிருந்த நேரம் அது. நாணயசாலையின் தலைவர் வெல்லெஸ்லி போல் அந்த முகத்தைப் பார்த்து பிஸ்ட்ரூச்சிக்கு வேலை கொடுத்தார். அவர் கல்லில் செதுக்கித் தந்ததை வேறொருவர் எஃகு அச்சில் வெட்டியபோது நேர்த்தி போய்விட்டது. அதனால் எஃகில் வெட்டவும் அவரே கற்றுக்கொண்டார். கேமியோவும் நாணயமும் புடைப்பு உருவங்கள்தாம். சில மில்லிமீட்டர் உயரத்துக்குள் தசையும் துணி மடிப்பும் தெரியவேண்டும். அதில் அவர் கை ஏற்கெனவே பழகியிருந்தது.

1817-ல் வெளிவந்த புதிய சாவரினில் புனித ஜார்ஜைப் பொறிக்கலாம் என்ற யோசனையும் அவருடையது. முதலில் மெழுகிலும் பிறகு ஜாஸ்பர் கல்லிலும் அந்த உருவத்தைச் செய்தார். நம் சவரனில் இருக்கும் வீரர் முதலில் ஒரு கேமியோவாகப் பிறந்தவர்.

அதே ஆண்டு தலைமைச் செதுக்குநர் இறந்தார். பதவியை பிஸ்ட்ரூச்சிக்குத் தருவதாக போல் வாக்களித்தார். வெளிநாட்டில் பிறந்தவருக்கு அந்தப் பதவியா என்று எதிர்ப்புக் கிளம்பியது. வேலையெல்லாம் அவர் செய்தார், பதவிப் பெயர் மட்டும் வரவே இல்லை. நான்காம் ஜார்ஜின் முகத்தை இன்னொரு சிற்பியின் வேலையைப் பார்த்து நகலெடுக்கச் சொன்னபோது, மறுத்துவிட்டார். அந்த வேலை வில்லியம் வயன் என்ற போட்டியாளருக்குப் போனது. 1825-ல் புனித ஜார்ஜும் சாவரினிலிருந்து நீக்கப்பட்டார். 1828-ல் வயன் தலைமைச் செதுக்குநர் ஆனார். பிஸ்ட்ரூச்சிக்கு தலைமைப் பதக்கச் செதுக்குநர் என்று ஒரு பதவியை உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

குறையே இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. வாட்டர்லூ வெற்றிக்கு ஒரு பதக்கம் செய்ய 1819-ல் அவரிடம் ஒப்படைத்தார்கள். முடித்துக் கொடுத்தது 1849-ல். வாக்களித்த பதவி வராத கோபமும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். அதற்குள் பதக்கம் பெறவேண்டிய நான்கு நாட்டு மன்னர்களும் காலமாகிவிட்டார்கள், தளபதி வெலிங்டன் மட்டும் உயிரோடு இருந்தார். 13 சென்டிமீட்டருக்கும் மேல் அகலமான அந்த அச்சைச் சூடேற்றி இறுக்கினால் வெடித்துவிடுமோ என்று பயந்தார்கள். எனவே திட்டமிட்டபடி பதக்கம் அடிக்கப்படவே இல்லை. மாதிரிகள் மட்டும் எடுத்தார்கள்.

1855 செப்டம்பரில், விண்ட்சருக்கு அருகே தன் வீட்டில் இறந்தார். அந்த வீட்டின் பெயர் ஃப்ளோரா லாட்ஜ். இரண்டு மகள்கள் அவரிடமே தொழில் கற்று கேமியோ செதுக்குநர்களாக விளங்கினார்கள். அவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து, 1871-ல், புனித ஜார்ஜ் மீண்டும் சாவரினுக்குத் திரும்பினார். 1918-ல் பம்பாயில் அடிக்கப்பட்ட சாவரின்களிலும் அவரே இருந்தார்.

இன்று வாங்குவோர் கவனத்துக்கு

பழைய கேமியோ என்று இன்று ஆன்லைனில் விற்கப்படுவதில் பிளாஸ்டிக்கும் உண்டு, இயந்திரத்தில் செதுக்கியதும் உண்டு. சங்குக் கேமியோவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவி, பின்பக்கத்திலிருந்தும் உருவம் நிழலாகத் தெரியும். பின்பக்கம் சற்றுக் குழிந்திருக்கும். கல் என்றால் கையில் கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். பிளாஸ்டிக் லேசாக இருக்கும், ஓரத்தில் அச்சின் கோடு தெரியலாம். பூதக்கண்ணாடியில் உளியின் சிறு தடங்கள் தெரிந்தால் கைவேலைக்கு அது நல்ல அடையாளம்.

பழையது என்ற ஒரே காரணத்துக்காக அதிக விலை கொடுக்கவும் வேண்டாம். நேப்பிள்ஸ் அருகே டோரே டெல் கிரெக்கோ என்ற ஊரில் இன்றும் சங்கில் கையால் செதுக்குகிறார்கள். அங்கே 1878-ல் இதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார்கள். செய்தவர் பெயரோடு வரும் புதிய கேமியோவும் நல்ல கேமியோதான். பெய்ன் நைட்டிடம் பிஸ்ட்ரூச்சி வாதாடியதும் இதற்காகத்தான்.

வீட்டில் பழைய சவரன் காசு இருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். குதிரை வீரர் இருக்கும் பக்கத்தில், அடியில் ஆண்டு எண்ணுக்கு வலப்புறம், மிகச் சிறிதாக பி.பி. என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். பெனெடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்பதன் முதலெழுத்துகள்தான் அவை. வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.