நூலைக் கதிராக்கிய ஓவியர்

அண்மையில் கணிப்பொறிச் செய்முறை வகுப்பில், ஒரு கோளத்தைத் திரையில் வரையும் நிரலை எழுதினேன். கண்ணிலிருந்து திரையின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிர் செல்வதாகக் கொள்ள வேண்டும். அது பொருளை முதலில் தொடும் இடத்தின் நிறமே அப்புள்ளியின் நிறம். ஆர்தர் அப்பெல் என்பார் 1968-இல் இம்முறையைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தார். அதற்கு 443 ஆண்டுகளுக்கு முன்பே, நூலையும் குண்டையும் கொண்டு இதே வேலையைச் செய்யும் வழியை உலகிற்குச் சொன்ன ஓவியர் ஒருவர் உண்டு. அவரே ஆல்பிரெக்ட் டியூரர்.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், 1471-ஆம் ஆண்டு மே திங்கள் 21-ஆம் நாள், ஒரு பொற்கொல்லரின் மகனாக அவர் பிறந்தார். உடன்பிறந்தோரையும் சேர்த்துப் பதினெட்டுக் குழந்தைகள். அவர்களுள் இவர் மூன்றாமவர். முதலில் தந்தையின் பட்டறையில் தொழில் பழகினார். 1486-இல் வோல்கெமுட் என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1498-இல் வெளியிட்ட மரச்செதுக்குப் படங்கள் அவர் புகழை ஐரோப்பா எங்கும் பரப்பின.

புகழ் வந்த பின்னும் கற்பதை அவர் நிறுத்தினாரில்லை. இத்தாலிக்குச் சென்றிருந்தபோது, 1507-இல் வெனிஸ் நகரில் யூக்ளிடின் வடிவக்கணித நூலை விலைகொடுத்து வாங்கினார். அதன் பயனாக 1525-இல், கவராயமும் அளவுகோலும் கொண்டு அளப்பது பற்றித் தாமே ஒரு புத்தகம் எழுதினார்.

லூட் என்னும் இசைக்கருவியின் வளைந்த உடலை வரையும் படம் ஒன்று அதில் உள்ளது. சுவரில் ஒரு வளையம், அதுவே கண். அதன் வழியே ஒரு நூல் வருகிறது. ஒரு முனையில் குண்டு தொங்குகிறது, மறுமுனை கருவியைத் தொடுகிறது. இடையே ஒரு மரச்சட்டம். நூல் சட்டத்தைக் கடக்கும் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமான இரு நூல்களால் குறித்துக்கொண்டு, சட்டத்தின் கதவைச் சாத்தி, அதிலுள்ள தாளில் புள்ளி இட வேண்டும். இவ்வாறு புள்ளி புள்ளியாகப் படம் உருவாகிறது.

நாம் கோளத்தைச் சமன்பாடாக எழுதுகிறோம். அதில் கதிரை இட்டால் இருபடிச் சமன்பாடு வரும். அதன் சிறிய மிகை மூலமே கதிர் தொடும் இடம். டெக்கார்ட்டின் ஆயத்தொலை வடிவக்கணிதம் வெளிவந்தது 1637-இல்தான். ஆகவே டியூரருக்குக் கையும் பொறுமையுமே துணை. அவரும் தவறினார். கூம்பைச் சாய்வாக வெட்டினால் வரும் நீள்வட்டத்தை முட்டை வடிவில் வரைந்துவிட்டார். கூம்பு கீழே அகல்வது உண்மையே. ஆனால் வெட்டும் தளம் அச்சிலிருந்து விலகுவது அதனை ஈடுசெய்து விடுகிறது. அவர் கையாண்ட முறை சரி; வரைந்த கோடுதான் பிழை.

அவர் அப்புத்தகத்தை எழுதியது அறிஞர்களின் லத்தீனில் அன்று. தச்சரும் கல்தச்சரும் பொற்கொல்லரும் பேசிய ஜெர்மன் மொழியில். பரவளையத்திற்கு எரிகோடு என்ற பொருளில் தாமே பெயரிட்டார். அவர் 1528 ஏப்ரல் 6 அன்று மறைந்த பின், 1532-இல்தான் அது லத்தீனுக்குச் சென்றது.

என் தந்தையும் தச்சரே. நான் என்ன படிக்கிறேன் என்பதை அவருக்கு விளக்க இயலாமல் பலமுறை தவித்திருக்கிறேன். விடுமுறையில் டியூரரின் படத்தைக் காட்டினேன். கதவைச் சாத்துமுன் நூலை விலக்க வேண்டும் என்பதை அவரே கண்டு எனக்குச் சொன்னார். கற்றதைக் கைத்தொழிலாளரின் மொழியில் சொல்வது கல்விக்குக் குறைவன்று என்பதை அன்று நான் உணர்ந்தேன்.