தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி

மேலை நாடுகளிலிருந்து சமயப் பணிக்கெனத் தமிழகம் வந்து தமிழுக்கும் தொண்டு புரிந்த சான்றோருள் வீரமாமுனிவரை அறியாதார் இலர். அவருக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே வந்து, அவர் நடந்த பாதையை வகுத்தளித்தவர், தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி. சுவேத நதி பாயும் கெங்கவல்லிப் பகுதியினர்க்கு அவர் முற்றிலும் அயலார் அல்லர். கொல்லிமலைக்கு மேற்கே உள்ள சேந்தமங்கலத்திலும் சேலத்திலும் அவருடைய அடிச்சுவடுகள் பதிந்துள்ளன. பிறரிடம் அன்பு செலுத்துக என்னும் கிறித்தவ அறத்தை, முதலில் அவரை மதித்திடுக என்னும் நடைமுறையாக ஆக்கிக் காட்டியது அவர் வாழ்வு. அம்மதிப்பு எவ்வளவு தொலைவு சென்றது, எங்கே தயங்கி நின்றது என்னும் இரண்டையும் அவ்வாழ்வில் காணலாம்.

இத்தாலி நாட்டின் மோந்தேபுல்சியானோ என்னும் ஊரில், 1577ஆம் ஆண்டு, உயர்குடியொன்றில் நொபிலி பிறந்தார். குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறிச் சேசு சபையிற் சேர்ந்து குருவானார். 1605இல் கோவா வந்து சேர்ந்தார். 1606இன் இறுதியில் மதுரையை அடைந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியக் குரு பத்தாண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி வந்தார். கடற்கரையிலிருந்து வந்து தங்கியிருந்த பரதவக் கிறித்தவர்களுக்கு அவர் பணி பயன்பட்டதே ஒழிய, மதுரை மக்களுள் அவர் சொற்கேட்டுக் கிறித்தவம் தழுவியோர் எவரும் இலர்.

இதன் காரணத்தை நொபிலி ஆராய்ந்தார். மக்கள் வெறுத்தது பரங்கியர் என்னும் பெயரை. பரங்கியர் மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், தூய்மை பேணாதவர் என்பது அக்காலத்தார் எண்ணம். கிறித்தவம் தழுவுதல் என்பது பரங்கியர் குலத்திற் சேர்தல் என்றே பொருள்பட்டது. அன்பைப் போதிக்க வந்தவர், கேட்போரின் மானத்தைப் புண்படுத்தும் கோலத்தில் நிற்பது முறையன்று என்று நொபிலி கண்டார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார், பாதக்குறடு அணிந்தார், புலால் நீக்கி ஒருவேளை உணவே கொண்டார். தமிழைத் திருந்தக் கற்றதோடு தெலுங்கும் பயின்றார். சிவதர்மர் என்னும் அந்தணரிடம் மாணவராக அமர்ந்து வடமொழி கற்றார். கற்பிக்க வந்தவர் முதலிற் கற்பவரானமையே அவர் காட்டிய மரியாதையின் தலையாய அடையாளம்.

மதித்தல் என்பதற்கு உடன்படுதல் என்று அவர் பொருள் கொள்ளவில்லை. மறுபிறவிக் கொள்கையை மறுத்துப் புனர் ஜென்ம ஆட்சேபம் எழுதினார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம் முதலிய உரைநடை நூல்களையும் இயற்றினார். மறுக்க வேண்டியவற்றை மறுத்தார். ஆயினும் மறுக்குமுன் அவற்றை மூலமொழியிற் கற்றார். தமிழ் உரைநடை இளமைப் பருவத்தில் இருந்த காலத்தில் எழுந்த அந்நூல்களை, இருபதாம் நூற்றாண்டில் இராசமாணிக்கம் அடிகளார் ஆராய்ந்து பதிப்பித்துத் தமிழுலகிற்கு மீட்டளித்தார்.

எதிர்ப்பு அவருடைய சபையாரிடமிருந்தே எழுந்தது. பெர்னாண்டஸ் மேலிடத்திற்கு முறையிட்டார். கிறித்தவரானோர் குடுமியும் பூணூலும் சந்தனமும் தரிக்கலாமா என்னும் வினா கோவாவிலும் உரோமையிலும் விவாதிக்கப்பட்டது. அவை நாட்டு வழக்கமே அன்றிச் சமயச் சடங்கல்ல என்று நொபிலி வாதிட்டார். உறவினரான கர்தினால் பெல்லார்மினும் முதலில் அவரைக் கடிந்து, விளக்கம் பெற்ற பின்னரே ஆதரித்தார். 1619இல் கோவாவிற் கூடிய அவையில் பேராயர் கிறிஸ்தோவாம் தெ சா அவருக்கு எதிராக நின்றார். இறுதியில் 1623 சனவரி 31ஆம் நாள், பதினைந்தாம் கிரகோரி என்னும் போப்பாண்டவர் அவ்வழக்கங்களுக்கு இசைவளித்தார்.

அதே ஆண்டில் நொபிலி மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி வழியாக வந்தவரைச் சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அன்புடன் வரவேற்றார். சேலத்தில் அத்தகைய வரவேற்பு உடனே வாய்க்கவில்லை. ஆயினும் அவர் அகன்றாரில்லை. ஆட்சியுரிமை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் அவருக்கு நண்பராகி, 1625இல் திருமுழுக்குப் பெற்றார். சேலம் நாட்டில் கிறித்தவம் வேரூன்றிய வரலாற்றில் அந்நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது.

இனி, அவ்வாழ்வின் நெருடலான பகுதியையும் கூறுதல் வேண்டும். உயர்குலத்தாரின் மதிப்பைப் பெறும்பொருட்டு, நொபிலி ஏனைய குலத்தாரிடமிருந்து விலகி வாழ்ந்தார். பெர்னாண்டஸின் கோயிலிலிருந்து பிரிந்து தனி இல்லமும் தனிக் கோயிலும் அமைத்துக்கொண்டார். ஒருசாராரை மதித்த அச்செயல் மற்றொரு சாராரைப் புறத்தே நிறுத்தியது. சாதி வேற்றுமையைச் சமூக வழக்கம் என்று கொண்டதனால் அதனை அவர் எதிர்க்கவில்லை. இசைவளித்த போப்பாண்டவரின் ஆணையே இக்குறையைத் தொட்டுக் காட்டியது என்பது கருதத்தக்கது. குலப்பெருமை கொண்டோர் எளியோரை இகழலாகாது என்றும், ஒரே கோயிலில் இறைமொழி கேட்பதற்கும் திருவருட்சாதனம் பெறுவதற்கும் அவர்களைத் தடுக்கலாகாது என்றும் அது மன்றாடிக் கேட்டுக்கொண்டது. இசைவு உடனே நடைமுறைக்கு வந்தது. மன்றாட்டு நெடுங்காலம் காத்துக் கிடந்தது.

பிற்காலத்தில் இக்குறைக்கு ஒரு வழி காணப்பட்டது. 1640ஆம் ஆண்டளவில், எல்லாக் குலத்தாரோடும் பழகக்கூடிய பண்டாரசாமிகள் என்னும் குருமார் பிரிவு தோன்றியது. பல்தசார் த கோஸ்தா அக்கோலம் பூண்ட முதல்வர். அருளானந்தர் எனப்பெறும் ஜான் தெ பிரிட்டோவும் அவ்வழியே வந்தவர். ஒடுக்கப்பட்டோர்க்குக் குருமார் கிடைத்தனர். கோயிலுக்குள் பிரிவினை மட்டும் நீங்கவில்லை.

1640இல் மதுரையிற் சிறைப்பட்டுத் துன்புற்ற நொபிலி, முதுமையில் யாழ்ப்பாணத்திற்கும் பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். பார்வை மங்கிய நிலையிலும் துறவுக்கோலத்தைக் கைவிடாது, எளிய குடிலில் தங்கி நூற்பணியைத் தொடர்ந்தார். 1656 சனவரி 16ஆம் நாள் அங்கே மறைந்தார்.

அன்பும் மதிப்பும் பிரிக்கவியலாதவை என்பது தூய பவுல் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தின் கருத்து. அந்நியரை மதிக்கும் வழியை, தம் ஊணையும் உடையையும் மாற்றி நொபிலி வாழ்ந்து காட்டினார். தம் வாயிலுக்கு வெளியே நின்ற எளியோர்க்கு உரிய மதிப்பைத் தரும் கடமை, அவர் செய்து முடிக்காமல் பின்வந்தோர்க்கு விட்டுச் சென்றது. அவரைப் போற்றுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வது அவருக்குச் செய்யும் நேர்மையான சிறப்பாகும்.