டென்னிஸ் மாவீரர் பாஞ்சோ கொன்சாலஸ்

தில்லிவாழ் தமிழர் நால்வர் ஓரிடத்திற் கூடினால் சங்கீதம், அரசியல், விளையாட்டு ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றி வாதம் எழாமற் போவதில்லை. டென்னிஸ் என்று பேச்சு வந்தால், இளைஞர் ஜோகோவிச் என்பர். நடுவயதினர் சாம்ப்ராஸ் என்பர். முதியோர் ராட் லேவர் என்று முடிப்பர். வென்ற பட்டங்களின் எண்ணிக்கையே இவ்வாதத்தில் துலாக்கோல். அத்துலாக்கோல் எத்துணை நம்பத்தக்கது என்பதை அறிய, 1995-இல் மறைந்த பாஞ்சோ கொன்சாலஸின் சரிதம் நமக்குத் துணைபுரியும்.

கொன்சாலஸ் 1928 மே 9-ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தார். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து பிழைப்பு நாடிக் குடியேறியவர்கள். தந்தையார் வர்ணம் பூசும் தொழிலாளி. பன்னிரண்டாம் வயதில் தாயார் வாங்கித் தந்த மலிவான மட்டையுடன், ஆசான் எவருமின்றி, பிறர் ஆடுவதைக் கண்டே அவர் ஆட்டம் பயின்றார். பள்ளிக்குச் செல்லாது ஆடித் திரிந்தமையால் இளைஞர் பந்தயங்களில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பின்னர்க் கப்பற்படையிற் பணியாற்றித் திரும்பியவர், 1948-இலும் 1949-இலும் அமெரிக்க ஒற்றையர் பட்டத்தை வென்று உலகை வியப்பில் ஆழ்த்தினார்.

அக்காலத்தில் பணம் பெற்று ஆடுவோர் தொழில்முறை ஆட்டக்காரர் எனப்பட்டனர். விம்பிள்டன் முதலிய பெரும் பந்தயங்களும் டேவிஸ் கோப்பையும் அவர்களுக்கு அடைக்கப்பட்ட கதவுகள். நம் ராமநாதன் கிருஷ்ணன், தொழில்முறைக் குழுவை நடத்திய ஜாக் கிரேமரின் அழைப்பை மறுத்து, டேவிஸ் கோப்பையில் பாரத நாட்டிற்காகத் தொடர்ந்து ஆடியதை அன்பர்கள் அறிவர். குடும்பப் பொறுப்பேற்றிருந்த கொன்சாலஸோ 1949-இல் தொழில்முறை ஆட்டத்திற் புகுந்தார். ஊர் ஊராய்ச் சென்று கிரேமருடன் ஆடிய நூற்றிருபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் தொண்ணூறுக்கு மேல் தோற்றார். வேறொருவராயின் மட்டையைத் துறந்திருப்பார். அவரோ சில ஆண்டுகளில் முன்னிலும் வலிமையுடன் மீண்டார்.

அதன்பின், வெளியே பட்டம் வென்ற வீரர்கள் ஒவ்வொருவராக அவரை எதிர்க்க வந்தனர். டிராபர்ட் தோற்றார், 1957-இல் ரோஸ்வால் 50க்கு 26 என்ற கணக்கில் தோற்றார், 1958-இல் ஹோட் 51க்கு 36 என்று பணிந்தார். 1962-இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒருசேர வென்ற லேவரே, மறுஆண்டு தொழில்முறையிற் புகுந்ததும் ஹோடிடமும் ரோஸ்வாலிடமும் அடுத்தடுத்துத் தோற்றார் என்றால், அடைத்த கதவுக்கு அப்பால் நிகழ்ந்த ஆட்டத்தின் தரம் விளங்கும்.

1968-இல் கதவுகள் திறந்தபோது கொன்சாலஸுக்கு வயது நாற்பது. அவ்வாண்டே பிரெஞ்சுப் பந்தயத்தின் அரையிறுதியை எட்டினார். 1969 விம்பிள்டனில், தம்மினும் பல ஆண்டு இளையவரான பாசரெல்லை ஐந்து மணிக்கு மேல் நீண்ட ஆட்டத்தில், ஏழு முறை தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு வென்றார். 1970-இல், அப்போது உச்சத்திலிருந்த லேவரையும் நியூயார்க்கில் ஐந்து செட்டுகளில் வீழ்த்தினார்.

குணத்தில் அவர் குறையற்றவரல்லர். கோபமும் தனிமையும் இல்வாழ்வைப் பலமுறை குலைத்தன. இறுதியில் வறுமையும் சூழ்ந்தது. அவர் மறைந்தபோது ஈமச்செலவை ஏற்றவர் அடுத்த தலைமுறையின் வீரரான அகாசி.

விம்பிள்டன் ஒற்றையர் பட்டியலில் கொன்சாலஸின் பெயர் இல்லை. பெரும் பட்டங்கள் என அவருக்குள்ளவை இரண்டே. ரயில்வே காரியாலயத்தில் சர்வீஸ் புத்தகங்களைப் புரட்டிக் காலங்கழிக்கும் நமக்கு ஒன்று தெரியும்: ஏட்டில் ஏறாத சேவை பென்ஷன் கணக்கிற் சேராது. ஆயினும் அவ்வாண்டுகளில் அம்மனிதர் உழைக்கவில்லை என்று கூற நம் மனம் ஒப்புவதில்லை. எனவே தலைமுறைகளை ஒப்பிடுங்கால், பெற்ற பட்டங்களை மட்டும் எண்ணாது, திறந்திருந்த கதவுகளையும் எண்ணுவோமாக.