தமிழில் மருத்துவம் பயிற்றிய டாக்டர் கிறீன்

புக்கிட் மேரா வட்டாரத்தில், அவுட்ரம் மருத்துவமனை வளாகத்தில் பயிற்சி பெறும் மருத்துவ மாணவி நான். நோயைக் கண்டறிவதற்கு மட்டுமன்றி, நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறைக்கும் எங்களுக்கு மதிப்பெண் உண்டு. நம் பெயரைச் சொன்னோமா, விளக்கியது அவருக்குப் புரிந்ததா என்று கேட்டோமா எனத் தேர்வாளர் தாளில் குறித்துக்கொள்வார். இந்தப் பண்பை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் மாணவர்களுக்குப் பயிற்றியவர், யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த அவர், நியூயார்க்கில் மருத்துவம் பயின்றார். 1847இல் மிஷனரி மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவப் பணியோடு வகுப்பையும் தொடங்கினார். சமயம் பரப்புவதும் அவர் நோக்கமே. ஆனால் அவர் விட்டுச்சென்றது அதனினும் பெரிது.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். தேறியவர்களில் பலர் அரசாங்க வேலை தேடிச் சென்றனர். கிராமத்து நோயாளிக்குப் பயன் கிட்டவில்லை. எனவே 1864இல் பயிற்சி மொழியையே தமிழாக்கினார். நோயாளியின் மொழியில் கற்றவர் நோயாளியோடு தங்குவார் என நம்பினார். நம் உடையையும் பழக்கவழக்கங்களையும் கைவிட வேண்டாம் என்றும் மாணவர்களுக்கு அறிவுறுத்தினார்.

தமிழில் கற்பிக்கப் பாடநூல் வேண்டுமே! தாமே தமிழ் கற்று, மாணவர்களின் துணையோடு மொழிபெயர்த்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் எனப் பல நூல்கள் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் பணியை நிறுத்தவில்லை. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவரிடம் பயின்ற 60க்கும் மேற்பட்ட மருத்துவர்களில் 30க்கும் மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர்கள். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே தம் கல்லறையில் பொறிக்க அவர் விரும்பினார்.

இன்று நம் மருத்துவமனைகளில், ஆங்கிலத்தில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் தமிழ்ப் பாட்டிகள் இருக்கிறார்கள். அந்தத் தலையாட்டல் புரிதல் ஆகாது. இனிப்பு நீர் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கும் என்று அவர்களிடம் தமிழில் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? வேற்று நாட்டவரான கிறீன் நம் மொழியைக் கற்றார். வீட்டிலும் பள்ளியிலும் தமிழ் கற்ற நாம், அதை நோயாளியின் படுக்கையருகிலும் பேசப் பழகுவோம்.