ரத்தம் எங்கே போயிற்று?

குண்டு விழுந்து கால் நசுங்கிய சிப்பாய். வெளியே சிந்திய ரத்தம் கொஞ்சந்தான். ஆனாலும் முகம் வெளுக்கிறது. உடம்பு சில்லிடுகிறது. நாடி நூல்போல் ஓடுகிறது. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்து விடுகிறது!

முதல் உலகப் போரில் இப்படி மாண்டவர்கள் பலர். டாக்டர்கள் இதை 'ஷாக்' என்றார்கள். இது மின்சாரம் தாக்குவதால் வரும் ஷாக் அல்ல. உடல் உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேராத ஆபத்தான நிலை. பெயர் இருந்தது, காரணம் தெரியவில்லை. நசுங்கிய சதையில் இருந்து ஏதோ விஷம் கிளம்புகிறது என்று பெரிய மேதைகளே நம்பினார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் டாக்டர் ஆல்பிரட் பிளாலாக்.

கிடைக்காத இடம்

பிளாலாக், அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள கல்லோடன் என்ற ஊரில் 1899-ம் ஆண்டு பிறந்தார். 1922-ல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கேயே அறுவை சிகிச்சைப் பயிற்சியை முடிக்க ஆசைப்பட்டார். இடம் கிடைக்கவில்லை. நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே காச நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. குணமாகித் திரும்பியதும் ஷாக் பற்றிய ஆராய்ச்சியில் மூழ்கினார்.

தராசு சொன்ன உண்மை

மயக்க மருந்து கொடுத்த நாய்களின் ஒரு காலில் மட்டும் சதையைக் காயப்படுத்தினார். பிறகு காயப்பட்ட காலையும் நல்ல காலையும் தராசில் நிறுத்துப் பார்த்தார். காயப்பட்ட காலின் எடை மிக அதிகம்!

ரத்தமும் நீரும் அந்தச் சதைக்குள்ளேயே கசிந்து தேங்கியிருந்தன. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். ரத்த அழுத்தம் விழ அந்த இழப்பே போதும். விஷத்தைத் தேட வேண்டியதில்லை. 1930-ம் ஆண்டு இதை அவர் வெளியிட்டார்.

அதே ஆண்டு விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். தச்சு வேலை தெரிந்தவர். பட்டம் இல்லாதவர். ஆராய்ச்சியில் பிளாலாக்கின் வலது கை ஆனார்.

நான்கு வழிகள்

எல்லா ஷாக்கும் ஒன்றல்ல என்றும் பிளாலாக் கண்டார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டி வற்றியிருக்கலாம், மோட்டார் பழுதாகியிருக்கலாம். உடம்பும் அப்படித்தான். ரத்தமோ நீரோ குறையலாம். இதயம் தளரலாம். நரம்பின் கட்டுப்பாடு போகலாம். ரத்தக் குழாய்கள் அளவுமீறி விரியலாம். 1934-ல் காரணத்தை வைத்து அவர் ஷாக்கை வகை பிரித்தார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. ரத்தம் இழந்தவருக்கு ரத்தம் ஏற்றினால் பிழைப்பார். இதயம் தளர்ந்தவருக்கு நீரை அளவின்றி ஏற்றினால் நிலைமை மோசமாகும். காரணம் தெரியாத ஷாக்கில் டாக்டர்கள் உயிர் காக்கும் சிகிச்சையைத் தொடங்கிக்கொண்டே காரணத்தையும் தேடுவது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போரில் ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றப்பட்டு ஏராளமான சிப்பாய்கள் உயிர் பிழைத்தார்கள்.

இடம் மறுத்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ், 1941-ல் பிளாலாக்கை அறுவை சிகிச்சைத் துறைக்கே தலைவராக அழைத்தது. தாமசையும் அவர் கூட்டிச் சென்றார். 1944-ல், இதயக் கோளாறால் உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு அங்கே புதிய ஆபரேஷன் செய்து உலகப் புகழ் பெற்றார்.

பிளாலாக் 1964-ல் காலமானார். தாமசுக்கு 1976-ல் அதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.