சங்கிலியை அறிந்த புனிதர்

1495இல் போர்த்துக்கலில் பிறந்த புனித இறை யோவான் ஆடு மேய்த்தார். படைவீரராய்ப் போருக்குப் போனார். நாற்பது வயது கடந்தபின் ஸ்பெயினின் கிரனாடா நகரில் புத்தகம் விற்றார். அங்கே அவிலா யோவான் அடிகளாரின் பிரசங்கத்தைக் கேட்டு, பாவ உணர்வு மேலிட, தெருவில் அலறித் திரிந்தார். ஊரார் விசர் என்றனர். அரச வைத்தியசாலையில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தனர். அக்காலச் சிகிச்சை அதுதான்!

வெளியே வந்தவர், ஏழை நோயாளருக்கும் சித்தம் கலங்கியோருக்குமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். பலரை ஒரே படுக்கையில் கிடத்திய அந்நாளில், ஆளுக்கொரு கட்டில் கொடுத்தார். இரவில் கூடையைத் தோளில் மாட்டி, வீதி வீதியாய்ப் பிச்சை கேட்டு அவர்களுக்கு உணவூட்டினார். ஒருநாள் இரங்குவது எவருக்கும் இயலும்; இவர் பத்தாண்டு இதையே செய்தார்.

1549இல், தம்மைக் கட்டிவைத்த அதே வைத்தியசாலையில் தீப்பற்றியபோது, உள்ளே புகுந்து நோயாளரைத் தூக்கி வந்தார். நமக்கு அக்கரையில், தமிழ்நாட்டு ஏர்வாடியில், 2001 ஓகஸ்ட் 6ஆம் நாள் மூண்ட தீயில் 28 மனநோயாளர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களை அவிழ்த்துவிட ஆளில்லை.

பின்பு, ஆற்றில் அள்ளுண்ட இளைஞன் ஒருவனைக் காக்க யோவான் குளிர்வெள்ளத்தில் குதித்தார். மாரியில் களப்பில் இறங்கும் கொக்கிளாய்த் தொழிலாளிக்கு இதன் ஆபத்து விளங்கும். அதனால் நோயுற்று, 1550 பங்குனி 8ஆம் நாள், முழந்தாளில் நின்றபடியே மரித்தார். அவர் வழிவந்த துறவற சகோதரர் இன்றும் பல நாடுகளில் மனநோயாளரைப் பராமரித்து வருகின்றனர்.