பாதிரியாராக வந்த வெரியர் எல்வின்

பண்ருட்டியில் பிறந்து நெய்வேலியில் உத்தியோகம் பார்த்தவன் நான். மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதுங்கள் என்று சங்கத்தார் கேட்டாங்க. வெரியர் எல்வினை எடுத்துக்கொண்டேன். மானிடவியல் அறிஞர் என்று பலருக்குத் தெரியும். அவர் மதப்பணிக்கு வந்தவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1902-ல் இங்கிலாந்தில் டோவரில் பிறந்தார். தந்தை சியரா லியோனில் ஆங்கிலிகன் பிஷப். மகன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்திலும் இறையியலிலும் முதல் வகுப்பு. அங்கேயே இருந்திருந்தால் பெரிய பதவிக்குப் போயிருப்பார். ஆனால் வெள்ளைக்காரர்கள் இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்களே, நம் பங்குக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்போம் என்று பரிகார மனசோடு 1927-ல் பூனாவில் கிறிஸ்த சேவா சங்கத்துக்கு வந்து சேர்ந்தார். காந்தியடிகளின் பக்கம் சாய்ந்தார்.

1932-ல் ஷாம்ராவ் ஹிவாலே என்ற மராட்டியக் கிறிஸ்தவ நண்பரோடு மண்டலா மாவட்டத்துக் கரஞ்சியா கிராமத்துக்குப் போனார். சுற்றிலும் கோண்டு, பைகா மக்கள். பள்ளிக்கூடம், மருந்து, தொழுநோயாளிகளுக்கு ஒரு இல்லம். ஒருவரையும் மதம் மாற்றவில்லை. பிஷப்புக்கு இது பொறுக்குமா? ஆங்கில அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால்தான் அனுமதி என்றார். எல்வின் மறுத்தார். 1935-ல் திருச்சபையை விட்டே விலகிவிட்டார். வேதத்தில் படித்ததைச் செய்யப்போய்ச் சபையை இழந்தார் என்றுதான் எனக்குத் தோணுது.

பைகாக்கள் காட்டை வெட்டி எரித்துச் சாம்பலில் விதைப்பவர்கள். ஏர் பூட்டினால் பூமித்தாயின் மார்பைக் கிழிப்பதாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. வனத்துறை அந்த விவசாயத்தைத் தடுத்து, ஒரு சின்னப் பகுதியில் மட்டும் விட்டுவைத்தது. காடு போனதும் மனுஷனே ஒடிஞ்சு போனான் என்று காட்டியது, 1939-ல் வந்த எல்வினின் பைகா நூல். நம்ம சுரங்கத்தில் ராட்சதச் சக்கரம் மண்ணை வாரி எடுப்பதைத் தினமும் பார்த்தவனுக்கு அந்தப் பக்கங்களைச் சும்மா புரட்டிப் போக முடியவில்லை. நெய்வேலியைச் சுற்றி நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போன ஊர்க்காரர்கள் நமக்கு அந்நியர்களா என்ன?

1954-ல் இந்தியக் குடிமகனானார். அதே வருஷம் வடகிழக்கு எல்லைப்புற முகமைக்கு, அதாவது இன்றைய அருணாசலத்துக்கு, பழங்குடி ஆலோசகர். அவர்கள் நிலமும் காடும் அவர்களுக்கே, வெளியார் கூட்டமாய்ப் போய்க் குவியக்கூடாது என்று எழுதினார். நேரு அதை ஆதரித்தார். 1961-ல் பத்மபூஷண்.

ஒன்றை மறைக்க எனக்கு மனசில்லை. 1940-ல் கோசி என்ற கோண்டு பெண்ணை மணந்தார். 1949-ல் விவாகரத்து. இவர் வேறு மணம் செய்து ஷில்லாங்கில் குடியேறினார். அந்தம்மா மண்டலாப் பக்கத்தில் வறுமையோடு காலம் தள்ளினார். ஒரு இனத்துக்கே பரிகாரம் தேடியவர், வீட்டில் இருந்த ஒருத்திக்குச் செய்யவில்லை.

1964 பிப்ரவரியில் டெல்லியில் மறைந்தார். ஷில்லாங்கில் பௌத்த முறைப்படி எரியூட்டினார்கள். அதற்குப் பிறகு வெளியான சுயசரிதைக்கு 1965-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. தடித்த புத்தகம்தான். கோசிக்கு அதில் சில வரிகளே.